பொத்திப் பாத்த ப்ராசசர்

தங்கபாண்டி கண்ணுக்கு எந்த மூட்டையா இருந்தாலும் மேல பச்சை, அடியில சருகுதான். போடியில ஏலக்காத் தரகு பாக்குற மனுசன் வேற எப்படி இருப்பாரு? மலையில இருந்து ஜீப்புல லோடு வந்து கடை வாசல்ல எறங்குச்சுன்னா, மூட்டையை அவுத்ததும் மேல கெடக்கிற காயை ஏறெடுத்தும் பாக்க மாட்டாரு. சட்டைக் கையைச் சுருட்டி விட்டுட்டு, அக்குள் வரைக்கும் உள்ள விட்டு, அடியில இருந்து ஒரு கை அள்ளுவாரு. அள்ளுனதை அப்படியே இறுக்கிப் பொத்துவாரு. பொத்துன கையை ஒரு அமுக்கு. அப்புறம் காதுகிட்ட கொண்டுபோயி ரெண்டு குலுக்கு. நல்லாக் காஞ்ச காய்னா உள்ள விதை கலகலன்னு பேசும். ஈரம் போகாத காய்னா ஊமையா இருக்கும். அதுக்கப்புறந்தான் கையை விரிச்சு, உள்ளங்கையில பச்சைச் சாயம் ஏதும் ஒட்டியிருக்கான்னு பாக்குறது.

தரகருக எல்லாரும் செய்யிறதுதான் இது. ஆனா தங்கபாண்டி இதைக் காய்க்கு மட்டும் செய்யலை. டிவி ரிமோட்டுக்கு பேட்டரி வாங்குனாலும் சரி, பொட்டணத்துல பட்டாணி வாங்குனாலும் சரி, கை தன்னால பொத்தும், காதுக்குப் போகும், குலுக்கும். பக்கத்துல நிக்கிறவன் சிரிக்கிறது கூட அவருக்குத் தெரியாது.

சந்தேகப்பட்டுப் பொழைச்சவருதான், தப்புன்னு சொல்ல முடியாது. பச்சைச் சாயம் ஏத்துன காயை நம்பி வாங்கி, கடையை மூடிட்டுப் போனவங்களை அவரே பாத்திருக்காரு. என்ன ஒண்ணு, சாயங்காலம் கடையைப் பூட்டுறப்ப அந்தச் சந்தேகத்தையும் உள்ள வச்சுப் பூட்டிட்டு வர அவருக்குத் தெரியலை. அவரு செல்போன் கண்ணாடி ஓணான் முதுகு மாதிரி விரிசல் விட்டுக் கெடக்கு. பேசுறப்பக் காதுல குத்தும். மாத்துங்கன்னு சொன்னா, "கடைக்காரன் தொறந்தான்னா உள்ள இருக்கிறதை உருவிட்டு மட்டமானதை வச்சு மூடிருவான்"னு சொல்லி, மேல செல்லோ டேப்பை ஒட்டிக்கிட்டுத் திரிஞ்சாரு.

இத்தனைக்கும் அவரு மச்சினன் விஜயபாண்டி பஸ் ஸ்டாண்டு பக்கத்துல செல்போன், கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வச்சிருக்கான். சம்சாரம் ரேணுகா கூடப் பொறந்த தம்பி. அவன்கிட்டயும் குடுக்க மாட்டாரு. அவன்கிட்டத்தான் குடுக்க மாட்டாருன்னு சொல்லணும்.

இப்பப் பிரச்சினை ரேணுகா லேப்டாப்புல வந்துச்சு.

ரேணுகா வீட்டுல இருந்தபடிக்கே கல்யாண ஆல்பம் டிசைன் பண்றா. தேனியில ஒரு ஸ்டுடியோக்காரரு போட்டோவை எல்லாம் அனுப்புவாரு, இவ பக்கம் பக்கமா அடுக்கி, நிறம் ஏத்தி, அழகு பண்ணித் திருப்பி அனுப்புவா. பிள்ளை முத்துப்பிரியா காலேஜ் ஆஸ்டலுக்குப் போனதுக்கப்புறம் அவளாப் படிச்சுக்கிட்ட வேலை. "எனக்குன்னு ஒரு சோலி"ன்னு வாய் நிறையச் சொல்லிக்கிருவா. லேப்டாப்பு ஏதோ கம்பெனியில கழிச்சுப் போட்ட பழைய கறுப்பு லேப்டாப்பு. ஆவணி முகூர்த்தம் வந்ததும் அது திணற ஆரம்பிச்சிருச்சு. ஒரு போட்டோவைத் தொறந்துட்டு அடுப்புல கொழம்பைக் கிண்டிட்டு வந்தாலும், அது இன்னும் சுத்திக்கிட்டே இருக்கும்.

ஸ்டுடியோக்காரரு வெள்ளிக்கிழமை போன்ல சொல்லிட்டாரு: "அக்கா, ஞாயித்துக்கிழமை ராத்திரிக்குள்ள உத்தமபாளையம் ஆல்பம் வரணும். இல்லைன்னா கோவிச்சுக்காதீங்க, அடுத்த ஆர்டரை வேற ஆளுக்கு மாத்திருவேன்."

ரேணுகா தம்பிக்குப் போன் போட்டா. அவனும் அன்னைக்குச் சாயங்காலமே தங்கபாண்டி கடைக்கு வந்து நின்னான். கையில ஒரு சோப்பு டப்பா.

"மச்சான், அக்கா லேப்டாப்புக்கு ப்ராசசர் கொண்டாந்திருக்கேன். இப்ப இருக்கிறது ஐ த்ரீ. இது ஐ செவன், அதை விட ரொம்ப வேகமா ஓடும். அந்த மாடல்ல ப்ராசசரைக் கழட்டி மாத்துற மாதிரியே வச்சிருக்கான். புது லேப்டாப்புல எல்லாம் இது நடக்காது, போர்டோட சேத்துப் பத்த வச்சிருப்பான்."

தங்கபாண்டி டப்பாவை வாங்கல. "எவ்வளவு?"

"அக்காவுக்கு நான் காசு வாங்குவேனா? சும்மா வச்சுக்கங்க."

சும்மாங்கிற வார்த்தையைக் கேட்டதுமே தங்கபாண்டிக்கு உள்ள மணி அடிச்சிருச்சு. சும்மா குடுக்கிறான்னா என்னமோ இருக்கு.

"ஏது இது?"

"மேல ஒரு எஸ்டேட் ஆபீஸ்ல இதே மாடல் கெடந்துச்சு. மேனேஜர் கட்டஞ்சாயாவைக் கொட்டிட்டாரு. போர்டு போச்சு. கழிச்சுப் போட்டதை நான் தூக்கிட்டு வந்தேன்."

"சாயா குடிச்சுச் செத்த லேப்டாப்புல இது மட்டும் எப்படி உசுரோட இருந்துச்சு?"

"இது மேல செம்புத் தகடு மூடியிருக்கும் மச்சான், நனையாது. நாளைக்கு வீட்டுக்கு வந்து நானே மாட்டித் தந்துர்றேன். அரை மணி நேர வேலை."

அதுதான் கூடாதுன்னாரு தங்கபாண்டி. போன வருசம் இதே விஜயபாண்டி மெமரி மாத்துனப்ப, கடையில கண்ணு கொட்டாம எதிர்க்க உக்காந்திருந்தவரு அவரு. ஒண்ணுக்கு வந்தப்பக்கூட தொறந்த லேப்டாப்பை நெஞ்சோட அணைச்சுத் தூக்கிட்டுப் போனாரு.

"வச்சிட்டுப் போ மாப்ளே. நானே மாட்டிக்கிறேன். செல்லுல பாத்தா எல்லாம் இருக்கு."

விஜயபாண்டி சிரிச்சான். "சரி. சூட்டை எறக்குற பசையும் டப்பாவுல இருக்கு, டாக்டர் ஊசி மாதிரி இருக்கும். ஒண்ணே ஒண்ணு மச்சான், ப்ராசசரை ஓரத்தைப் பிடிச்சு மட்டும் தூக்குங்க. அடியில முடி மாதிரி கம்பி..."

"தெரியும் தெரியும். போ."

அவன் வண்டி தெருவைத் தாண்டுனதும் தங்கபாண்டி டப்பாவைத் தொறந்தாரு. பஞ்சுக்குள்ள ஒரு தீப்பெட்டி அகலத்துக்குப் பச்சைத் தகடு. மேல கண்ணாடி மாதிரி ஒரு சின்னச் சதுரம். அடியில மஞ்சளா, எறும்பு ரோமம் மாதிரி நூத்துக்கணக்குல கம்பி. திருப்பித் திருப்பிப் பாத்தாரு. மேல பச்சை. அதுவே அவருக்குப் பிடிக்கலை.

அடுத்து என்ன நடந்துச்சுன்னு அவரைக் கேட்டா அவருக்கே தெரியாது. கை பொத்துச்சு. ஒரு அமுக்கு. காதுகிட்ட ரெண்டு குலுக்கு. அப்புறம் கையை விரிச்சு, உள்ளங்கையில ஏதும் ஒட்டியிருக்கான்னு பாத்தாரு.

ஓரமா உக்காந்து காயில கல்லும் காம்பும் பொறுக்கிக்கிட்டிருந்த மொக்கம்மா, "என்னண்ணே, காய் பருமன் எவ்வளவு, எட்டு எம்.எம்.மா, ஏழு எம்.எம்.மா?"ன்னா.

"உன் சோலியைப் பாரு."

"உள்ள விதை இருக்கான்னு கேட்டேன்ணே."

"சத்தமே இல்லை"ன்னு சொல்லிக்கிட்டே, மொகத்தைச் சுளிச்சு, டப்பாவை மூடிப் பையில போட்டாரு.

மறுநாள் சனிக்கிழமை. கடைக்குப் போகலை. காலையில பலகாரம் சாப்பிட்ட கையோட சாப்பாட்டு மேசையைத் தொடைச்சு, வெள்ளை வேட்டியை விரிச்சு, லேப்டாப்பைக் கவுத்துப் போட்டாரு. செல்போனைச் சொம்புல சாச்சு நிறுத்துனாரு. அதுல எவனோ ஒரு வடநாட்டுப் பையன் இதே லேப்டாப்பைப் பிரிக்கிற வீடியோ. விரிசல் கண்ணாடியில பையன் மொகம் நாலாத் தெரிஞ்சுச்சு.

"இவன் சொல்றதும் முழுசா நம்புறதுக்கு இல்லை. நடுவுல வெட்டி வெட்டி ஒட்டியிருக்கான் பாரு. எதையோ மறைக்கிறான்"னாரு.

ரேணுகா அடுப்படி வாசல்ல நின்னுக்கிட்டு, "ஏங்க, தம்பியைக் கூப்பிட்டா வெரசா முடிச்சிருவான். எனக்கு இன்னும் பாதி ஆல்பம் கெடக்கு"ன்னா.

"நீ பேசாம இரு. நம்ம சாமான், நம்ம கை. எவனும் ஒண்ணும் சொல்ல முடியாது."

வேலையில சுத்தம்னா தங்கபாண்டிகிட்டத்தான் கத்துக்கணும், அதைச் சொல்லித்தான் ஆகணும். சார்ஜரைப் பிடுங்கி, பேட்டரியைக் கழட்டி ஓரமா வச்சாரு. கழட்டுன ஒவ்வொரு திருகாணியையும் ஏலக்கா சாம்பிள் போடுற குட்டிப் பிளாஸ்டிக் கவருல போட்டு, எந்த எடத்துத் திருகாணின்னு மேல பேனாவுல எழுதி, வரிசையா அடுக்குனாரு. ஒண்ணு மாறாது. காத்தாடியையும் செம்புக் குழாயையும் சேத்துத் தூக்குனா, அடியில பழைய பசை காஞ்ச சுண்ணாம்பு மாதிரி பொரிஞ்சு கெடந்துச்சு. பஞ்சுல ஸ்பிரிட்டு நனைச்சு, பூ தொடைக்கிற மாதிரி தொடைச்செடுத்தாரு.

பழைய ப்ராசசர் பக்கத்துல ஒரு திருகாணி. அதை அரைச் சுத்து திருப்புனதும் பிடி விட்டுச்சு. தூக்குனா அலுங்காம வந்துருச்சு. அவருக்கே ஆச்சரியம். இதுக்கா கடைக்காரன் அத்தனை பில்டப்பு குடுக்குறான்?

புதுசை எடுத்தாரு. ஓரத்துல ஒரு குட்டி முக்கோணம் இருக்கும், அதை இந்த மூலைக்கு நேரா வைக்கணும்னு வீடியோப் பையன் சொன்னான். வச்சாரு. பழசு மாதிரி பொசுக்குன்னு உள்ள உக்காரலை. ஒரு மூலை மட்டும் லேசாத் தூக்கிக்கிட்டு நின்னுச்சு. "டோன்ட் பிரெஸ்"னு பையன் ரெண்டு தடவை சொன்னான். "இவன் யாரு எனக்குச் சொல்ல"ன்னு பெருவிரலால ஒரு அமுக்கு. உக்காந்துக்கிச்சு. திருகாணியைத் திருப்பி, பசையை மோந்து பாத்து, நடுவுல ஒரு ஏலவிதை அளவு வச்சு, எல்லாத்தையும் திரும்ப மூடுனாரு.

"வா ரேணுகா, நீயே போடு சுச்சை."

ரேணுகா ஈரக் கையைச் சேலையில தொடைச்சிட்டு வந்து பட்டனை அமுக்குனா. வெளக்கு எரிஞ்சுச்சு. காத்தாடி உர்ருன்னு ஒரு மூச்சு விட்டுச்சு. திரை கறுப்பு. கொஞ்ச நேரத்துல வெளக்கும் அணைஞ்சிருச்சு.

திரும்ப அமுக்குனா. திரும்பக் கறுப்பு.

ரேணுகா பட்டன்ல இருந்து கையை எடுக்கலை. "என் ஆல்பமெல்லாம் இதுக்குள்ளதாங்க இருக்கு"ன்னா.

தங்கபாண்டி எல்லாத்தையும் மறுபடி பிரிச்சாரு. பழைய ப்ராசசரை எடுத்து மாட்டி, பசை வச்சு, மூடி, பட்டனை அமுக்குனாரு. திரை பளிச்சுன்னு வந்துருச்சு. ஆமை வேகந்தான், ஆனா வந்துருச்சு. ரேணுகாவுக்கு உசுரு வந்துச்சு. அவருக்கு வேற ஒண்ணு வந்துச்சு.

"பாத்தியா! பழசைப் போட்டா ஓடுது. உன் தம்பி குடுத்ததைப் போட்டா செத்துப் போகுது. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்? சும்மா குடுத்தானே, ஏன் குடுத்தான்? கழிச்சுப் போட்டதை நம்ம தலையில கட்டிட்டு நல்ல பேரு வாங்கிக்கலாம்னு குடுத்தான்."

"அவன் அப்படிப்பட்டவன் இல்லைங்க."

"மூட்டை கொண்டாந்த ஒவ்வொருத்தனும் இதைத்தான் சொன்னான்."

போன் போட்டு, "மாப்ளே, உன் சாமானை வந்து எடுத்துட்டுப் போ"ன்னு மட்டும் சொல்லி வச்சிட்டாரு. சாப்பாட்டு நேரத்துக்கு விஜயபாண்டி வந்தான். ஹெல்மெட்டைக் கழட்டாமலே ப்ராசசரைக் கேட்டு வாங்கி, சட்டைப் பையில இருந்து ரிப்பேருக்கு வச்சிருக்கிற லென்சை எடுத்துக் கண்ணுல வச்சுப் பாத்தான். ஜன்னல் வெளிச்சத்துக்குச் சாச்சு மறுபடி பாத்தான்.

"மச்சான், அடியில கம்பி வளைஞ்சிருக்கு. இந்த மூலையில கொஞ்சம் சாஞ்சு படுத்துக் கெடக்கு. கீழ போட்டீங்களா?"

"நான் எதையும் கீழ போடலை. நீ குடுத்ததே அப்படித்தான்."

"நான் மாட்டி ஓட்டிப் பாத்துட்டுத்தான் மச்சான் கொண்டாந்தேன்."

"எதுல மாட்டுன? அந்த லேப்டாப்புதான் சாயா குடிச்சுச் செத்துப் போச்சே."

"கடைக்கு சர்வீசுக்கு வந்த இன்னொண்ணுல."

தங்கபாண்டி மேசையில ஒரு தட்டு தட்டுனாரு. "கேட்டியா ரேணுகா? ஊரான் வீட்டு லேப்டாப்பைத் தொறந்து இவன் சாமானை மாட்டிப் பாக்குறான். இதைத்தான் நான் ஆதியில இருந்து சொல்லிக்கிட்டிருக்கேன்."

"அது எங்க வாத்தியாரோட லேப்டாப்பு மச்சான். அவரு பக்கத்துலதான் உக்காந்திருந்தாரு. கேட்டுட்டுத்தான் போட்டேன்."

"அவருகிட்ட அப்படிச் சொன்ன. என்கிட்ட இப்படிச் சொல்ற. ஏன், இப்பக் கையில வாங்குனியே, இந்த நேரத்துல நகத்தால நீயே வளைச்சிருந்தா எனக்கு என்ன தெரியும்?"

அதுக்கு விஜயபாண்டி கோவப்படலை. கோவப்பட்டிருந்தாக்கூடப் பரவாயில்லை. லென்சையும் ப்ராசசரையும் மெதுவா மேசையில வச்சான். இத்தனை நேரம் கழட்டாத ஹெல்மெட்டோட வாரை மாட்டுனான்.

"அக்கா, உனக்கு எது வேணும்னாலும் நீ கடைக்கு வா. நான் இனி இந்த வாசப்படி ஏற மாட்டேன்."

"டேய் சாப்பிட்டுப் போடா. உனக்குப் பிடிக்குமேன்னு..."

வண்டிச் சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்டுச்சு.

ரேணுகா கத்தலை, அழலை. சோத்துப் பானையை மூடி வச்சிட்டு வந்து அவரு எதுத்தாப்புல உக்காந்தா. அவரு லென்சைக் கண்ணுல வச்சு ப்ராசசரைப் பாத்துக்கிட்டிருந்தாரு. நெசந்தான். கம்பி எல்லாம் கோரைப்புல்லு மாதிரி நேரா நிக்க, ஒரு மூலையில மட்டும் யானை படுத்து எந்திரிச்ச தோட்டம் மாதிரி சாஞ்சு கெடந்துச்சு.

"நேத்து அவன் குடுத்தப்ப நல்லாப் பாத்து வாங்குனீகளா?"

"பாக்காம வாங்குவனா? என்னைய என்னன்னு நினைச்ச? டப்பாவைத் தொறந்ததும் மொத வேலையே அதுதான்."

"எப்படிப் பாத்தீக?"

"எப்படிப் பாப்பாக? எல்லாத்தையும் பாக்குற மாதிரிதான்."

"செஞ்சு காட்டுங்க."

மேசையில நேத்து வந்த காய் சாம்பிள் ஒரு கவருல இருந்துச்சு. ரேணுகா அதைப் பிரிச்சு, "இதை வச்சே காட்டுங்க"ன்னு நீட்டுனா. தங்கபாண்டி வாங்கி, "இந்தா, இப்படி எடுத்தேன். இப்படித் திருப்பிப் பாத்தேன். அப்புறம்..."னு சொல்லிக்கிட்டே இறுக்கிப் பொத்துனாரு. அமுக்குனாரு. காதுகிட்ட கொண்டுபோயி ஒரு குலுக்கு குலுக்குனாரு.

ரெண்டாவது குலுக்கு வரலை.

பொத்துன கை காதுகிட்டயே நின்னுச்சு. கைக்குள்ள ஒரு காய் வெடிச்சு, வாசம் மட்டும் வந்துச்சு. ரேணுகா அவரு மொகத்தைப் பாக்கலை, கையைத்தான் பாத்தா. பொத்துன விரலுக்கு நடுவுல மோதிரம், காயை அழுத்திக்கிட்டு. கல்யாணத்தப்ப ரேணுகா அப்பா போட்ட மாப்பிள்ளை மோதிரம், நல்ல கனம்.

தங்கபாண்டி கையை மெதுவா எறக்கி விரிச்சாரு. நொறுங்குன காயும் விதையும் உள்ளங்கையில ஒட்டிக்கிட்டிருந்துச்சு. நேத்துக் கையை விரிக்கிறப்ப உள்ளங்கையில முள்ளு மாதிரி என்னமோ குத்துனது அப்பத்தான் ஞாபகம் வந்துச்சு. காஞ்ச காம்பு உரசுதுன்னு நினைச்சு விட்டுட்டாரே.

"விதை பேசுச்சா?"ன்னு கேட்டா ரேணுகா.

அவரு ஒட்டுன விதையை ஒவ்வொண்ணா மேசையில உதுத்தாரு.

"எங்கப்பா போட்ட மோதிரத்தையே மறுநாள் ஆசாரிகிட்டக் கொண்டுபோயி உரசிப் பாத்தவுகதான நீங்க. பத்தரை மாத்துத் தங்கம்னு அவரு சொன்னப்பவும் தராசைத்தான் சந்தேகப்பட்டீக. அதை நான் பெருசா எடுத்துக்கலை. எங்கப்பாவுக்குத் தெரியாதுன்னு விட்டுட்டேன். இன்னைக்கு அவன் மொகத்துக்கு நேராச் சொல்லிட்டீகளே."

"நான் வேணும்னு செய்யலை, ரேணுகா."

"மொதல்ல மோதிரத்தைக் கழட்டுங்க."

கழட்ட வரலை. சோப்பைப் போட்டு உருவ வேண்டியதாப் போச்சு. ரேணுகா மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கிட்டு, தைக்கிற ஊசிப் பொட்டணத்துல இருந்து மெலிசான ஊசியா ஒண்ணு எடுத்தா. லென்சை ஒரு கையில பிடிச்சுக்கிட்டா. அவரை செல்போன்ல லைட்டடிக்கச் சொன்னா.

"நான் பண்றேன்"னு கையை நீட்டுனாரு.

"நீங்க தொட வேண்டாம். லைட்டைப் பிடிங்க."

ஒவ்வொரு கம்பியா, தலையில ஈரு எடுக்கிற மாதிரி, அடியில ஊசி நுனியைக் குடுத்து ஒரு துளி நிமித்துறது, நிறுத்துறது. அவசரப்பட்டா ஒடிஞ்சு போகும்னு யாரும் சொல்லாமலே அவளுக்குத் தெரிஞ்சிருந்துச்சு. ஒரு கம்பி மட்டும் மொரண்டு பிடிச்சுச்சு. ரேணுகா மூச்சை அடக்கிக்கிட்டா. தங்கபாண்டியும் அடக்கிக்கிட்டாரு. லைட்டு ஆடுச்சு.

"லைட்டை நேராப் பிடிங்க."

"போனுல டேப்பு வழுக்குது."

எல்லாம் நேரா நின்னதும் லேப்டாப்பை மறுபடி பிரிச்சாங்க. இந்தத் தடவை அவரு சாம்பிள் கவரைப் பாத்துத் திருகாணி எடுத்துக் குடுக்க, அவ மாட்டுனா. அதுல ஒரு கொறை சொல்ல முடியாது, ஒரு திருகாணி கூட இடம் மாறலை. ப்ராசசரை முக்கோணம் பாத்து வச்சா. விரல் படவே இல்லை, தானா உள்ள போயி உக்காந்துச்சு. ரேணுகா ஒரே ஒரு தடவை நிமிந்து அவரைப் பாத்தா. அவரு காத்தாடித் திருகாணிக் கவரைப் படிக்கிற மாதிரி குனிஞ்சுக்கிட்டாரு.

பட்டனை அமுக்குனா. வெளக்கு. காத்தாடி. கறுப்பு. தங்கபாண்டி மனசுல 'கெட்டுப் போனதுதான்'னு பழைய புத்தி எந்திரிச்ச நேரத்துல திரை பளிச்சுன்னு வந்துச்சு. ரேணுகா உத்தமபாளையத்து ஆல்பத்தைத் தொறந்தா. பொண்ணு மாப்பிள்ளை ரெண்டு பேரும் கேட்ட ஒடனே வந்து நின்னாங்க.

அவ சிரிக்கலை. நாற்காலியை இழுத்துப் போட்டு வேலையில உக்காந்துட்டா. ஞாயித்துக்கிழமை வெளக்கு வைக்கிறதுக்கு முன்னாடியே ஆல்பம் தேனிக்குப் போயிருச்சு. "பிரமாதம்க்கா, வர்ற முகூர்த்தத்து ஆர்டரும் உங்களுக்குத்தான்"னு ஸ்டுடியோக்காரரு சொன்னதை ஸ்பீக்கர்ல போட்டு வீடே கேக்க வச்சா. அப்பவும் புருசன்கிட்ட ஒரு வார்த்தை பேசலை. சோறு போட்டா, கொழம்பு ஊத்துனா. தட்டைப் பாத்துத்தான் ஊத்துனா.

திங்கக்கிழமை தங்கபாண்டி கடைக்குப் போற வழியில பஸ் ஸ்டாண்டுப் பக்கம் வண்டியைத் திருப்புனாரு. விஜயபாண்டி அப்பத்தான் ஷட்டரைத் தூக்கி விட்டு, தண்ணி தெளிச்சுக்கிட்டிருந்தான். வாங்கன்னும் சொல்லலை, போங்கன்னும் சொல்லலை.

தங்கபாண்டி கடைப் பலகையில மொதல்ல லென்சை வச்சாரு. "மறந்து வச்சிட்டுப் போயிட்ட." அப்புறம் சட்டைப் பையில இருந்து செல்போனை எடுத்துப் பக்கத்துல வச்சாரு.

"கண்ணாடி மாத்தணும்."

விஜயபாண்டி போனைப் பாத்தான், அவரைப் பாத்தான். "உக்காந்து பாக்க ஸ்டூலு உள்ள இருக்கு."

"வேண்டாம். நான் டீ குடிச்சிட்டு வர்றேன்."

"தொறக்கிறதுக்கு நம்பர் வேணும் மச்சான். மாத்துனதுக்கப்புறம் தொட்டுப் பாக்கணும்ல."

தங்கபாண்டி அங்கிட்டும் இங்கிட்டும் பாத்துட்டு, குனிஞ்சு, நம்பரைச் சொன்னாரு. ரேணுகாவுக்கே தெரியாத நம்பர்.

எதுத்தாப்புல டீக்கடை. ஏலத்துக்குப் போற ஆளுக, குரங்கணிப் பஸ்சுக்கு நிக்கிற ஆளுகன்னு ஒரே கூட்டம். டீயை வாங்கிட்டு ஒரு பெஞ்சுல உக்காந்தாரு. நேர் எதிர்ல பிஸ்கட் அலமாரி. அதோட கண்ணாடியில மச்சினன் கடை அச்சு அசலாத் தெரிஞ்சுச்சு. குனிஞ்ச தலை, கையில திருப்புளி, தொறந்து கெடக்கிற போனு எல்லாம். தங்கபாண்டி ஒரு வாய் டீயை முழுங்குனாரு. அப்புறம் டம்ளரை எடுத்துக்கிட்டு எந்திரிச்சு, பெஞ்சோட அந்தக் கோடிக்குப் போயி, மலையைப் பாத்து உக்காந்துக்கிட்டாரு. கழுத்து ரெண்டு மூணு தடவை தன்னால திரும்பப் பாத்துச்சு. இன்னொரு டீ சொன்னாரு.

போயி நின்னப்ப போனு புதுசு மாதிரி இருந்துச்சு. பக்கத்துலயே பழைய கண்ணாடியும் டேப்பும் ஒரு காகிதத்துல வச்சிருந்தான். "பழசைப் பாத்துக்கங்க மச்சான்"னான். குத்தலாச் சொன்னானா, கடை வழக்கத்துக்குச் சொன்னானா, தெரியலை.

தங்கபாண்டி காகிதத்தைப் பாக்கலை. போனைக் கையில எடுத்தாரு. எடுத்தாரோ இல்லையோ, விரலெல்லாம் சேந்து போனைப் பொத்துச்சு, கை காதை நோக்கிக் கெளம்புச்சு. பாதி வழியில அவருக்கே தெரிஞ்சு போயி நின்னுச்சு. விஜயபாண்டி பாத்துக்கிட்டேதான் இருந்தான்.

"குலுக்குங்க மச்சான். அதுல கம்பி கிம்பி இல்லை."

ரேணுகா தம்பிக்குப் போன் போட்டு எல்லாத்தையும் சொல்லிட்டா போலன்னு அப்பத்தான் தங்கபாண்டிக்கு வெளங்குச்சு. காது மடல் சுட்டுச்சு.

"போன் பேசப் போறேன் மாப்ளே"ன்னு சொல்லி, நெசமாவே ரேணுகா நம்பரைப் போட்டுக் காதுல வச்சாரு. கண்ணாடி குத்தலை.

"என்ன?"ன்னா ரேணுகா. சனிக்கிழமைக்கப்புறம் பேசுன மொத வார்த்தை.

"உன் தம்பி கடையிலதான் நிக்கிறேன். செல்லு மாத்திட்டான். மத்தியானம் அவனையும் சாப்பிடக் கூட்டியாரேன், அரிசியைக் கூடப் போடு."

அந்தப் பக்கம் அரிசி டப்பா தொறக்கிற சத்தம் கேட்டுச்சு. இந்தப் பக்கம் விஜயபாண்டி திருப்புளியை டப்பாவுல போட்டுக்கிட்டே, "நான் அந்த வாசப்படி ஏற மாட்டேன்னு சொல்லிட்டுத்தான வந்தேன்"னான்.

தங்கபாண்டி போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடிச்சாரு.

"அப்ப கொல்லைப்பக்கமா வா மாப்ளே. கதவை நானே வந்து தொறந்து விடுறேன்."